பறப்பது அப்புறம், முதலில் ஆயில் பிரஷர்

வருஷத்துக்கு இரண்டு மூன்று முறையாவது அந்தப் படம் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. ஏதோ ஓர் ஊரில் ஓர் இளைஞர், தானே செய்த விமானத்துக்கோ ஹெலிகாப்டருக்கோ பக்கத்தில் நிற்பார். சுற்றிலும் ஊர்ச்சனம். புரொப்பெல்லருக்கு மாலை. பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவரின் சாதனை என்று தலைப்பு. நானும் ஆசையாகத்தான் படிப்பேன். ஆனால் எனக்கு எழும் கேள்விகளுக்கு அந்தச் செய்தியில் ஒருபோதும் பதில் இருக்காது. என்ன எஞ்சின்? ஓட்டிப் பார்த்தாரா? எதில் கட்டிவைத்து ஓட்டினார்? அப்போது கூட யார் இருந்தார்கள்?

இப்படிக் கேட்பது தொழில் புத்தி. வானகரத்தில் எஞ்சின் ரீகண்டிஷன் பட்டறை வைத்திருக்கிறேன். ரீபோர், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங், வால்வு சீட்டிங் என்று லாரி, வேன், ஜெனரேட்டர் எஞ்சின்களோடுதான் பிழைப்பு. திறந்து மூடிய எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் செய்கிற அந்தச் சில நிமிடங்கள் எங்கள் தொழிலில் தனி. பட்டறையில் ரேடியோ நின்றுவிடும். மேஸ்திரி டீயைக் கீழே வைத்துவிடுவார். லாரி எஞ்சினுக்கே இப்படி. அதன் முன்னால் ஐந்தடி நீளக் கட்டை ஒன்று சுழலப்போகிறது என்றால்?

2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில், ஃபுல்சாவங்கி என்ற ஊரில், 24 வயது வெல்டர் ஒருவர் இறந்துபோனார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். குழாயை வளைத்து, தகட்டை வெட்டி, தனி ஆளாக ஒரு ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்தார். மாருதி 800 காரின் எஞ்சினை அதில் பொருத்தியிருந்ததாகச் செய்திகள் வந்தன. சுதந்திர தினத்தை ஒட்டி ஊருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. அதற்குச் சில நாள் முன்பு, இரவு நேரத்தில், தரையில் வைத்தே எஞ்சினை ஓட்டிப் பார்த்திருக்கிறார். வால் சுழலியின் இறக்கை உடைந்து மேல் சுழலியில் பட, அது வந்து அவர் தலையில் அடித்தது.

தரையைவிட்டு ஓரடி எழும்பாத ஒரு வண்டி ஆளைக் கொன்றது. அதன் பிறகு நடந்த பேச்செல்லாம் பறப்பதைப் பற்றியே இருந்தது. அனுமதி இல்லாமல் பறக்கலாமா, இப்படிப்பட்ட திறமையை அரசு ஏன் கண்டுகொள்ளவில்லை, இத்யாதி. எஞ்சினை முதல் முறை உயிர்ப்பிப்பது என்பது பறப்பதற்கு முந்தைய தனிக் கட்டம், அதற்கென்று ஓர் இடமும் ஒரு முறையும் சரிபார்க்க ஓர் ஆளும் வேண்டும் என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. நான் சொல்ல வந்தது அதுதான். சொந்தமாக விமானம் செய்கிறவர்களுக்கு நம் மாநிலம் ஏதாவது செய்ய நினைத்தால், ஓடுதளத்தில் தொடங்க வேண்டாம். எஞ்சினைக் கட்டிவைத்து ஓட்டுவதற்கு ஒரு சிமெண்ட் மேடையில் தொடங்கட்டும்.

ரைட் சகோதரர்களுக்கு எஞ்சின் செய்து கொடுத்தவர் சார்லி டெய்லர் என்கிற மெக்கானிக். அவர் பெயர் எங்கள் பேட்டையிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. டேட்டன் நகரத்தில், அவர்களுடைய சைக்கிள் கடையில், ஒரு லேத்தையும் ஒரு டிரில்லிங் மெஷினையும் கைக்கருவிகளையும் வைத்துக்கொண்டு, நான்கு சிலிண்டர் எஞ்சினை ஆறு வாரத்தில் முடித்தார். கிராங்க் கேஸ் மட்டும் அலுமினியத்தில் வெளியே வார்த்து வாங்கியது. கார்புரேட்டர் என்று நாம் சொல்லும் பொருளே கிடையாது. பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இறங்கி ஆவியாகி உள்ளே போகும். 12 குதிரைத்திறன். 1903 பிப்ரவரியில் முதன்முதலாக ஓட்டினார்கள். மறுநாளே ஒழுகிய பெட்ரோலால் பேரிங் பிடித்துக்கொண்டு கிராங்க் கேஸே உடைந்தது. புதிதாக வார்த்து வரவழைத்து மறுபடி ஓட்டிப் பார்க்க மே மாதம் ஆகிவிட்டது. டிசம்பர் 17-இல் கிட்டி ஹாக் பக்கம் நடந்தது உலகத்துக்கே தெரியும். பிப்ரவரியில் டேட்டனில் உடைந்ததை யாரும் பாடப்புத்தகத்தில் போடுவதில்லை. அது பட்டறைத் தரையில் உடைந்ததால் நஷ்டம் ஒரு வார்ப்போடு போயிற்று.

மெட்ராஸுக்கும் இதில் ஒரு பழைய பாத்தியதை உண்டு. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், 1909-இல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பறந்த கதையைக் கேட்டுக் கிறுக்குப் பிடித்து, தானே வடிவமைத்த விமானத்தை சிம்ப்சன் கம்பெனியில் கட்ட வைத்தார். கோச்சு வண்டி செய்துகொண்டிருந்த கம்பெனி அது. 1903-இலேயே நீராவிக் கார் செய்து ஓட்டிய கைகள் அங்கே இருந்தன. சிறிய எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, 1910-இல் டி'ஏஞ்சலிஸ் மேலே போனார். கவனிக்க வேண்டியது, அவர் நேராகத் தீவுத்திடலுக்குப் போகவில்லை. முதலில் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். அப்புறம்தான் தீவுத்திடலில் சனங்களிடம் காசு வாங்கிக்கொண்டு காட்டினார். ஹோட்டல்காரருக்கு இருந்த அந்த விவேகம் இன்றைக்கு, ஊர்த் திருவிழாவுக்குள் முடித்துவிட வேண்டும் என்று பறக்கும் நமக்கு இல்லை.

சரி, என் பட்டறைக்கு வருகிறேன்.

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. விமானப் பொறியியல் படிப்பு உள்ள கல்லூரி ஒன்றிலிருந்து மூன்று பையன்களும் ஒரு பெண்ணும் வந்தார்கள். கையில் ஒரு வரைபடம்.

"சார், ஒரு ஃபிளாஞ்ச் கடையணும்."

"எதுக்குப்பா?"

"புரொப்பெல்லர் மாட்ட."

நாங்கள் கடைந்து கொடுக்கும் ஃபிளாஞ்ச் எதற்குப் போகிறது என்று கேட்காமல் லேத்தில் ஏற்றுவதில்லை. விசாரித்தால், அலுமினியக் குழாயில் ஒற்றை ஆள் உட்காரும் சட்டம் ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறார்கள். இறக்கை இன்னும் வரவில்லை. எஞ்சின் பழைய மாருதி 800. யவத்மாள் சங்கதியைப் படித்திருந்த எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் சுருக்கென்றது. அந்த எஞ்சின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 796 சி.சி., மூன்று சிலிண்டர், 37 குதிரைத்திறன் வாக்கில் தரும், சொன்னபடி கேட்கும், பாகமெல்லாம் புதுப்பேட்டையில் கிடைக்கும். சுசூகியின் இதே வகை மூன்று சிலிண்டர் எஞ்சின்களை வெளிநாட்டில் சின்ன விமானங்களில் நிறையப் பேர் பொருத்தியிருக்கிறார்கள்.

ஒரு பையனுக்குச் சந்தேகம். நடுவில் பெல்ட்டும் புல்லியும் எதற்கு, நேராக கிராங்கிலேயே மாட்டிவிட்டால் எடை மிச்சமாகுமே என்றான். சாக்பீஸை எடுத்து மேஜைமேலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். ஐந்தடி புரொப்பெல்லரின் நுனி ஒரு சுற்றுக்கு 4.8 மீட்டர் போகிறது. இந்த எஞ்சின் முழுத் திறனைத் தருவது நிமிடத்துக்கு 5,500 சுற்றில். அப்படியானால் நுனியின் வேகம் வினாடிக்கு 440 மீட்டர். ஒலியே வினாடிக்கு 340 மீட்டரைச் சுற்றித்தான் போகும். அந்த வேகத்தில் புரொப்பெல்லர் காற்றைத் தள்ளாது, ஊளையிடும்; கட்டையும் தாங்காது. பல் பெல்ட் போட்டு 2,500 சுற்றுக்கு இறக்கினால் நுனி வினாடிக்கு 200 மீட்டரில் நிற்கும். அதுவே மணிக்கு 720 கிலோமீட்டர் என்று அந்தப் பெண் சொன்னாள். சொல்லிவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே அவளைத்தான் சுவிட்சில் உட்கார வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஃபிளாஞ்சைக் கடைந்து கொடுத்தேன், ஒரு நிபந்தனையோடு. எஞ்சினை என் முன்னால்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நான் சரி சொல்லும்வரை சாவி என்னிடம்.

அடுத்த சில வாரங்கள் அவர்களுக்குக் கசந்திருக்கும். எஞ்சினைத் திறந்து மூடினால் உள்ளே ஆயில் போகும் வழியெல்லாம் வெறும் வழியாகத்தான் கிடக்கும். பம்பு ஆயிலை இழுத்து, ஃபில்டரை நிரப்பி, கிராங்க் பேரிங்குக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எஞ்சின் பிடித்து ஓட ஆரம்பித்துவிட்டால், பேரிங் உலோகத்தோடு உலோகமாக உரசும். அப்போதைக்குத் தெரியாது. எங்கேயோ, என்றைக்கோ காட்டும். லாரியானால் ஓரம் கட்டலாம். அதனால் முதலில் ஸ்பார்க் பிளக்கையெல்லாம் கழற்று, பெட்ரோலை மூடு, செல்ஃப் அடி, முள் எழுகிறதா பார். விட்டுவிட்டு அடி, இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் காய்ந்துவிடும். உலகம் முழுக்கச் சின்ன விமானங்களில் ஓடும் ரோடாக்ஸ் 912 எஞ்சினுக்கும் இதே விதிதான். பிளக்கைக் கழற்றிச் சுற்றி ஆயில் பிரஷர் வந்த பிறகே முதல் ஸ்டார்ட். ஸ்டார்ட் ஆகி பத்து வினாடிக்குள் பிரஷர் காட்டவில்லையென்றால் உடனே அணைக்க வேண்டும். டேஷ்போர்டில் சிவப்பு லைட் அணைகிறதே போதாதா என்று பையன்கள் கேட்டார்கள். லைட்டைப் பார்த்து ஓட்டுவதற்கு இது கார் இல்லை. மீட்டர் வாங்கி வரச் சொன்னேன்.

பெட்ரோலிலும் ஒரு சிக்கல். இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். ரோடாக்ஸ் 912 எஞ்சினுக்கு அனுமதித்த அளவு பத்து. பழைய மாருதியின் கார்புரேட்டரும் ரப்பர் ஹோஸும் எத்தனாலே இல்லாத காலத்தில் செய்தவை. ரப்பர் ஊறி உப்பும், துகள் உதிரும், ஜெட் அடைக்கும். ஃபைபர் டேங்காக இருந்தால் பிசினையே பதம் பார்க்கும். எத்தனால் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும், சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? எவ்வளவு எத்தனால் என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், அதன்மேல் பெட்ரோல், மூடிக் குலுக்கி வை. எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும், தண்ணீர்க் கோடு உயரும். எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு. அந்தப் பிள்ளைகள் கல்லூரியில் மூன்று வருஷம் படித்ததில் இதைச் செய்து பார்த்ததில்லை என்றார்கள். விமான பெட்ரோல் வாங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். 2022 முதல் இந்தியன் ஆயில் அதை இங்கேயே தயாரிக்கிறது, உண்மைதான். கேனை எடுத்துக்கொண்டு மதுரவாயல் பங்கில் போய்க் கேட்டால் கிடைக்காது.

டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை ஒரு பக்கெட்டில் பிடித்து நேரம் பார்க்கச் சொன்னேன். அமெரிக்காவில் சொந்த விமானம் செய்கிறவர்களுக்கு வழக்கமான கணக்கு இது: எஞ்சின் முழு வேகத்தில் குடிப்பதைப்போல, டேங்க் மேலே இருந்து தானாக இறங்குவதானால் ஒன்றரை மடங்கும், பம்பு வைத்ததானால் ஒன்றேகால் மடங்கும் வர வேண்டும். இவர்களுக்கு முதல் நாள் வந்தது அதில் பாதி. பார்த்தால் டேங்க் மூடியில் காற்றுத் துளையே போடவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், விமான எஞ்சின் பழக்கமில்லாதவர்கள் ஏமாறும் இடம் இது. நம் வீட்டில் சுவிட்சை அணைத்தால் கம்பி துண்டாகிறது. மேக்னெட்டோ உள்ள எஞ்சினில் தலைகீழ்: அணைத்தால் கம்பி எர்த்தோடு சேர்கிறது, அதனால் பொறி நிற்கிறது. அந்தக் கம்பி எங்காவது அறுந்திருந்தால், சுவிட்ச் அணைந்திருக்கும், சாவி பையில் இருக்கும், எஞ்சின் மட்டும் தயாராக இருக்கும். யாரோ ஒருவர் சும்மா புரொப்பெல்லரைக் கையால் திருப்புவார். மாருதிக்கு காயிலும் பேட்டரியும் என்பதால் இந்த ஆபத்து இல்லை. இருந்தாலும் அந்தக் கட்டையைத் தொடும்போதெல்லாம் எஞ்சின் உயிரோடு இருப்பதாகவே நினைத்துத் தொடு என்று பழக்கினேன். அடுத்து அவர்கள் தொடப்போவது வேறு எஞ்சினாக இருக்கும்.

இடம் தேடியதுதான் பெரிய பாடு. கல்லூரியில் எஞ்சினை ஓட்டலாம், புரொப்பெல்லரோடு கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; நானாக இருந்தாலும் வகுப்பறைக்குப் பக்கத்தில் விடமாட்டேன். கடைசியில் பைபாஸை ஒட்டி எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் குடோன் மைதானம். ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் இல்லாத நாள். முகூர்த்த நாளில் வானகரத்தில் கல்யாண மண்டபத்துக்கு வரும் கார்களைத் தாண்டி ஒரு சைக்கிள்கூட உள்ளே வராது.

வண்டியின் பின்சட்டத்தைச் சங்கிலி போட்டு, லோடு ஏற்றி நிறுத்தியிருந்த ஜல்லி லாரியின் சேஸிஸில் கட்டினோம். நைலான் கயிறு கொண்டுவந்திருந்தார்கள், அது நீளும், வேண்டாம் என்றேன். நடுவில் இழுவையைப் பார்க்க ஒரு கொக்கித் தராசு. அது வானகரம் மீன் மார்க்கெட்டில் ஒரு மொத்த வியாபாரியிடம் இரவல் வாங்கியது. வஞ்சிரம் எடை போட்ட தராசு, வாடை போகவே இல்லை. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. புரொப்பெல்லர் சுழலும் வரிசைக்கு இரண்டு பக்கமும் சுண்ணாம்புத் தூளில் கோடு. உடைந்து பறக்கும் துண்டு அந்த வரிசையில்தான் போகும். அந்தக் கோட்டுக்குள் யாரும் நிற்கக் கூடாது, செல்போனில் படம் எடுக்கிறவன் உட்பட. தீயணைப்பான் கார்பன் டை ஆக்சைடு வகை. பவுடர் வகை தீயை அணைத்துவிட்டு எஞ்சினை அரித்துவிடும். சுவிட்சில் அந்தப் பெண். தீயணைப்பானோடு ஒருவன். கேட்டில் ஒருவன். மேஸ்திரி பெட்ரோல் வால்வில்.

பூஜை போட வேண்டும் என்றார்கள். போடட்டும், நானும் ஆயுத பூஜைக்கு லேத்துக்குச் சந்தனம் வைக்கிறவன்தான். ஆனால் கற்பூரத்தைக் கேட்டுக்கு வெளியே கொளுத்தச் சொன்னேன். பூசணிக்காயும் அங்கேயே. பூசணிக்குள் சில்லறைக் காசு போட்டு உடைப்பார்கள் இல்லையா, அந்தக் காசில் ஒன்று புரொப்பெல்லர் முன்னால் கிடந்தால் போதும், உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். கட்டையும் போச்சு, எதிரில் நிற்பவன் கண்ணும் போச்சு. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைக்க அனுமதித்தேன், வண்டி நகரப்போவதில்லை என்பதால் அது நசுங்காமலே இருந்தது. பையன்களில் ஒருவனுக்கு அது சகுனமாகப் பட்டது, பாவம். கீழே மைதானத்தைப் பெருக்கத்தான் அதிக நேரம் ஆனது. ஒரு ஜல்லிகூட மிச்சம் இருக்கக் கூடாதே.

செல்ஃப் அடித்தாள். இரண்டு சுற்று சுற்றி இருமியது. மறுபடி. கார்புரேட்டர் வழியே ஒரு பேக் ஃபயர், எல்லோரும் ஓரடி பின்னால் போனோம். சோக்கைக் கொஞ்சம் தள்ளச் சொன்னேன். அடுத்ததில் பிடித்துக்கொண்டது. கட்டை மறைந்து வட்டமானது. பெண் சத்தமாக எண்ணிக்கொண்டே இருந்தாள். மூன்று என்று சொல்வதற்குள் ஆயில் பிரஷர் முள் எழுந்துவிட்டது. பையன்கள் கூச்சல் போட்டார்கள். கேட்டில் நின்றவன் ஆக்சிலேட்டரைக் கூட்டு கூட்டு என்று கையாட்டினான். ரேஸ் பண்ணாதே என்று நான் தலையாட்டினேன். முதல் ஓட்டம் இரண்டே நிமிடம். அணைத்து, குளிரவிட்டு, ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்தோம். ஒரு ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்தது. பெல்ட் ஓரத்தில் கறுப்புத் தூள், புல்லி நூல் பிடித்தாற்போல் நேராக இல்லை. புரொப்பெல்லர் போல்ட் இரண்டு டார்க் ரிஞ்சுக்குக் கொஞ்சம் திரும்பின. புதுக் கட்டை அமுங்கும், எதிர்பார்த்ததுதான். இதில் எந்த ஒன்றும் ஓடும்போது காதில் விழவில்லை. வேறொரு நாள் முக்கால்வாசி ஆக்சிலேட்டரில் மீன் தராசு ஐம்பது கிலோவைத் தாண்டிக் காட்டியது. அதை அவர்கள் ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள்.

நடுவில் ரோந்து வந்த காவலர் ஒருவர் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். "என்னா சார், பிளேனா உடறீங்க?" என்றார். இல்லை, கட்டிவைத்து எஞ்சின் ஓட்டிப் பார்க்கிறோம் என்றேன். "பர்மிஷன் இருக்கா?" இதற்கு யாரிடம் பர்மிஷன் வாங்க வேண்டும் என்று நானும் கேட்டேன். அவரும் யோசித்தார், நானும் யோசித்தேன். சங்கிலியையும் தீயணைப்பானையும் பார்த்துவிட்டு, சீக்கிரம் முடிங்க என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். வேறொருவராக இருந்தால் வண்டியை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போயிருப்பார், அவர்மேலும் தப்புச் சொல்ல முடியாது.

இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். பறப்பதற்கு விதி இருக்கிறது, அது கடுமையாகவும் இருக்கிறது. மும்பையில் அமோல் யாதவ் என்கிற விமானி, தன் கட்டட மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தையே கட்டினார். 2016-இல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்து நாடே பார்த்தது. பதிவு கிடைத்தது 2017-இல், பறக்கும் அனுமதி 2019-இல். தொழிலாகவே விமானம் ஓட்டியவருக்கு அந்த அலைச்சல். எட்டாம் வகுப்பு படித்த வெல்டர் எந்தக் கதவைத் தட்டுவார்? தட்டாமல், ராத்திரியில், தனியாக ஓட்டிப் பார்ப்பார். இதையெல்லாம் தடை செய்தால் போதும் என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் அந்த ராத்திரிதான். தடை இருந்தால் இன்னும் கொஞ்சம் இருட்டில் செய்வார்கள்.

மாறாக நடந்த ஒன்றும் நம் மாநிலத்திலேயே உண்டு. இடுக்கி மாவட்டம் தொடுபுழா பக்கத்தைச் சேர்ந்த சஜி தாமஸுக்குக் காது கேட்காது, பேச்சும் கிடையாது. ஏழாம் வகுப்பைத் தாண்டாதவர் என்றுதான் அவரைப் பற்றியும் எழுதினார்கள். சொந்தமாக ஒரு இலகு விமானம் செய்தார். அது 2014-இல் மேலே எழும்பியது திருநெல்வேலிச் சீமையில், மணிமுத்தாறு பக்கம், விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் ஓடுதளத்தில். சஜியின் திறமையைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், சினிமாகூட வந்தது. அந்த வயதான அதிகாரி கூட நின்றதை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். எஞ்சின் சத்தம் கேட்காத ஒருவருக்காக அதைக் கேட்டுச் சொல்ல, விஷயம் தெரிந்த ஒரு ஜோடிக் காது அங்கே இருந்தது.

பிரிட்டனில் இதை நல்ல மனதுக்கு விட்டுவைக்கவில்லை. அங்கே சிறு விமானச் சங்கம் ஒன்று, விமானம் கட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பரிசோதகரைக் காட்டுகிறது. அவர் கட்டத்துக்குக் கட்டம் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஊரடங்கு நாளில் எசெக்ஸில் வீட்டுக் கொட்டகையில் நான்கு இருக்கை விமானம் கட்டி, மகள் பெயரை வைத்துப் பறந்த ஆலப்புழைக்காரர் பற்றிப் படித்திருப்பீர்கள். அந்தக் கதையில் கண்ணுக்குத் தெரியாத ஆள் அந்தப் பரிசோதகர். அமெரிக்காவில் புது விமானம் முதல் 25 அல்லது 40 மணி நேரம் குறிப்பிட்ட பகுதிக்குள்ளேயே பறந்து தேற வேண்டும். அப்படியும், 2011-இல் அங்கே சிறு விமானங்களில் பத்தில் ஒன்றாக இருந்த இந்தச் சொந்தத் தயாரிப்புகள், உயிர்ப்பலி வாங்கிய விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்குக் காரணமாயின. அவர்களுடைய போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் ஆராய்ந்து வெளியிட்டது. அடிக்கடி வந்த காரணங்களில் ஒன்று எஞ்சின் கோளாறு. விதியும் பரிசோதகரும் உள்ள இடத்திலேயே இப்படியென்றால் நம் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

சோழவரத்தில் போர்க்கால ஓடுதளம் இருக்கிறதே, முன்பு கார் பந்தயம் நடந்த இடம், அதைக் கேட்டு வாங்கலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு ஓடுதளம் வேண்டாம். முப்பது அடிக்கு முப்பது அடி சிமெண்ட் தரை, அதில் பதித்த இரும்பு வளையங்கள், மூன்று பக்கம் தடித்த சுவர், மணல் வாளி, தீயணைப்பான், ஒரு ஷெட். அம்பத்தூர் அரசு ஐடிஐ வளாகத்தில் ஒரு மூலை போதும். 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டை பக்கத்தில், பாடியில் செல்ஃப் மோட்டார் செய்கிறார்கள், ஆவடியில் டாங்கிக்கு எஞ்சின் செய்கிறார்கள். எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்லக்கூடிய ஓய்வுபெற்றவர்கள் இந்தப் பத்து கிலோமீட்டருக்குள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். மீனம்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற லைசென்ஸ் உள்ள விமானப் பராமரிப்புப் பொறியாளர்களும் உண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்களில் இரண்டு பேர் வந்து, பட்டியலைப் பார்த்து, ஆயில் பிரஷர் மீட்டரைப் பார்த்து, ஓட்டலாம் அல்லது கூடாது என்று எழுதிக் கொடுத்தால் போதும். 2022-இல் மாநில அரசு வெளியிட்ட வான்வெளி, பாதுகாப்புத் தொழில் கொள்கையில் 75,000 கோடி ரூபாய் முதலீடு வர வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். வரட்டும். இந்த மேடைக்கு ஆகும் செலவு அதில் தட்டச்சுப் பிழைக்குக்கூடக் காணாது.

செய்தித்தாள்காரர்களுக்கும் ஒன்று கேட்பேன். அடுத்த முறை மாலை போட்ட புரொப்பெல்லரைப் படம் எடுக்கப் போகும்போது, எஞ்சினை எப்படி ஓட்டிப் பார்த்தீர்கள், யார் கூட இருந்தார்கள் என்று கேட்டு அதையும் ஒரு வரி போடுங்கள். பதில் இல்லையென்றால் அதையும் போடுங்கள்.

மேடை கேட்டு எழுதினால் வரப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும்: ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு. பட்டறையில் ரீபோர் செய்த எஞ்சினுக்கு பில்லில் கையெழுத்துப் போடும்போது நாங்கள் அதைத்தான் செய்கிறோம். இதிலும் போட ஆள் இருக்கிறார்கள், என்னையும் சேர்த்து. போடுவதற்கு ஒரு படிவத்தை யாராவது அச்சடித்துத் தர வேண்டும்.